நடுவில் இருப்பதெல்லாம் வைக்கோல்

ஷவ்கிக்கு ஆங்கிலத்தில் எல்லாம் வந்தது. தலைப்பு மட்டும் வரவில்லை.

ஆள் என்ஜினியர். அலெக்ஸாந்திரியாவில் இரண்டு மேம்பாலங்கள் அவன் போட்ட கணக்கில்தான் நிற்கின்றன, இன்றுவரை ஒன்றும் விழவில்லை. ஆங்கிலத்தைக் கேட்டால் புரியும். பேசச் சொன்னால் எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கும்வரை பேசுவான். வெளிநாட்டு வேலைக்கான தேர்வில் வாசிப்புத் தாள் என்று ஒன்று உண்டு பாருங்கள், அங்கேதான் சனி பிடிக்கும். ஒரு நீளமான கட்டுரை. அதில் ஏழெட்டுப் பத்திகள். பக்கத்தில் ஒரு மூட்டைத் தலைப்புகள். எந்தப் பத்திக்கு எந்தத் தலைப்பு என்று ஜோடி சேர்க்க வேண்டும். பத்திகளைவிடத் தலைப்புகள் எப்போதும் கூடுதலாகவே இருக்கும், ஆளை ஏமாற்றுவதற்கென்றே.

ஷவ்கி ஏமாறுவதற்கென்றே பிறந்தவன். பத்தியில் தேனீ வந்தால் தலைப்பில் தேனீயைத் தேடுவான். கண்டதும் பாய்வான். அது தூண்டில் புழு என்பது மதிப்பெண் வந்த பிறகுதான் தெரியும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஒன்பதுக்கு ஆறரை வாங்கினான். வேண்டியது ஏழு.

அயர்லாந்தில் ஒரு கம்பெனி அந்த ஏழுக்காகக் காத்திருந்தது. கம்பெனி காத்திருந்தால் தொலையட்டும். கேப்டன் ருஷ்தியும் காத்திருந்தார்.

கேப்டன் ருஷ்தி, நெர்மீனின் அப்பா. துறைமுகத்துக்குள் பெரிய பெரிய கப்பல்களை இடிக்காமல் கொண்டுவந்து கட்டுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷவ்கிக்கும் நெர்மீனுக்கும் நிச்சயம் பண்ணி, ஃபாத்திஹா ஓதி, அவள் கையில் தங்க வளையல் போட்டாகிவிட்டது. ஆனால் ஏழு வந்தால்தான் நிக்காஹ் என்று மனுஷர் நங்கூரம் போட்டுவிட்டார். போதாக்குறைக்கு நெர்மீனுக்கு ஒரு அத்தை மகன் இருந்தான். சுங்க இலாகாவில் வேலை. வாராவாரம் கேப்டன் வீட்டுக்குப் பெரிய பெரிய மீனாக வாங்கிக்கொண்டு வந்தான். யாரும் கேட்காமலே செதிலும் சுரண்டிக் கொடுத்தான். மூன்றாவது தடவையும் ஆறரை வந்தால் மீன் ஜெயித்துவிடும் என்று ஷவ்கிக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் ஃபிக்ரி வாத்தியாரின் சிறப்பு வகுப்புக்குப் போனான். தலைப்புப் பொருத்துவதற்கென்றே ஒரு மணி நேரம். இனிப்புக் கடைக்கு மேலே மாடியறை, ஜன்னல் வழியாகப் பாகு வாசனை. முதல் வரிசையில் இடம் பிடித்தான். பக்கத்தில் கால்நடை மருத்துவர் சவ்ஸன், பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல் வாக்கியம், கடைசி வாக்கியம். தலைப்புப் பொருத்த ஊர் உலகம் பூரா சொல்லிக் கொடுக்கிற வழி இது."

ஷவ்கிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு குரல், வெள்ளை ஃபியட்காரன் எவன் என்று.

அலெக்ஸாந்திரியாவில் நிறுத்தியிருக்கும் காருக்குப் பக்கத்திலேயே இன்னொரு காரை ஒட்டி நிறுத்திவிட்டுப் போவது பாவமே இல்லை. கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கையும் இறக்கிவிட்டுப் போனால் போதும். உள்ளே மாட்டிக்கொண்டவன் வெளிக்காரை நாலடி தள்ளிவிட்டுத் தன் வழியே போவான். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஷவ்கி மட்டும் அன்றைக்கு இருந்த பரபரப்பில் கைப்பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டு மாடியேறிவிட்டான். தெருவே அவன் ஃபியட்டைத் தள்ளிப் பார்த்து, அவன் குலத்தைத் திட்டிக்கொண்டிருந்தது.

ஓடினான். பிரேக்கை இறக்கினான். வண்டியை எடுக்கலாம் என்று பார்த்தால் வண்டி கிளம்பவில்லை. தள்ளினார்கள். முன்னால் நகர்த்தினால் ரொட்டி வண்டி மறித்தது, பின்னால் நகர்த்தினால் ஒரு டாக்சிக்காரர் சண்டைக்கு வந்தார். ஒருவழியாக வண்டியைக் கிளப்பி ஓரம் கட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து அவன் மறுபடி மாடியேறியபோது வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆகையால, முதல் வாக்கியம், கடைசி வாக்கியம். மண்டபத்துல உட்காரும்போது இந்த ரெண்டும் உங்க நெத்தியில எழுதி ஒட்டியிருக்கணும். போயிட்டு வாங்க."

அப்பாடா, முக்கியமானது இரண்டும் காதில் விழுந்துவிட்டது என்று ஷவ்கி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். சவ்ஸன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தாள். பாவம், நடுவில் இருக்கிற வைக்கோலையெல்லாம் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்திருக்கிறாளே என்று பரிதாபப்பட்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் ஓட்டவில்லை, பறந்தான். எத்தனை எளிது. பத்தி முழுக்க வாசித்து வாசித்து இத்தனை நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டோமே. அன்றைக்கே செய்தித்தாளை எடுத்து ஒவ்வொரு செய்தியிலும் முதல் வரி, கடைசி வரி, டக்கென்று ஒரு தலைப்பு. பத்து நிமிஷத்தில் தாளே முடிந்தது. சரியா தவறா என்று பார்க்க நடுவை வாசிக்க வேண்டும், அதுதான் கூடாதே. பார்க்கவில்லை.

காகிதம் தீர்ந்ததும் மனுஷர்களிடம் வந்தான். கை பழக வேண்டுமென்றால் இடைவிடாத பயிற்சி வேண்டும் அல்லவா. யார் பேசினாலும் முதல் வாக்கியம், கடைசி வாக்கியம். நடுவில் காதை மூடிக்கொண்டு விடுவான்.

முதல் பலி அம்மா. வெளியே கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டே ஏதோ சொன்னாள். "என் கண்ணே, நீ நல்லா இருக்கணும்" என்று ஆரம்பித்தது. "ஆண்டவன் உன்னைக் கைவிட மாட்டான்" என்று முடிந்தது. தலைப்பு: தாய்ப்பாசம். ஷவ்கி திருப்தியாகத் தலையாட்டினான்.

அம்மா திரும்பி வந்தபோது வீடு முழுக்கப் புகை. அடுப்பில் மொச்சை வெந்துகொண்டிருக்கிறது, அரை மணியில் அணைத்துவிடு என்பது நடுவில் இருந்திருக்கிறது. பாத்திரத்தின் அடியில் மொச்சை தார் ரோடாகிக் கிடந்தது. அம்மா அதைச் சுரண்டிச் சுரண்டித் திட்டினாள். ஷவ்கி அதற்கும் தலைப்புப் போட்டான். ஒரு பானை மொச்சையைக் கொடுத்து ஏழு வாங்க முடியுமென்றால் அது லாபம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை கேப்டன் ருஷ்தி போனில் வந்தார். வெள்ளிக்கிழமை நிக்காஹுக்கு நாள் குறிப்பது பற்றி இரண்டு வீடும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. நாளைக் குறித்து வைப்போம், ஏழு வந்தால் நடத்துவோம், வராவிட்டால் அழிப்போம் என்று கேப்டனே பெரிய மனசு பண்ணியிருந்தார்.

"மல்லிகைப் பூவா விடியட்டும் மாப்பிள்ளே. உன் குரல் கேட்டதும் ஊரே வெளிச்சமாச்சு."

ஷவ்கி போனை மேசைமேல் வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். போனுக்குள் கேப்டன் கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருந்தார். குரல் மெல்ல இறங்குவதைப் பார்த்து, முடிக்கப் போகிறார் என்று கணித்து எடுத்துக் காதில் வைத்தான். கணக்கு தப்பவில்லை.

"எங்க வீடு உன் வீடு தம்பி. நீ காலை வச்சா விளக்கேத்தின மாதிரி."

தலைப்பு: விருந்துக்கு அழைப்பு. இதைவிடத் தெளிவாக ஒரு பத்தி இருக்க முடியாது.

மறுநாள் தொழுகை முடிந்ததும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். அம்மா பட்டு முக்காடு. மடியில் ஒரு பெரிய தட்டு பஸ்பூஸா, பாகு சொட்டச் சொட்ட ஒரு ரவை இனிப்பு. சீதி பிஷ்ரில் கேப்டன் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போதே ஹாரனைத் தாளம் போட்டு அடித்தான், கல்யாண வண்டி மாதிரி. கட்டடத்துக்குள்ளிருந்து குர்ஆன் ஓதுகிற சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை எந்தக் கடையில்தான் கேட்காது, அதனால் அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. தெருவில் இரண்டு பேர் அவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சட்டை பிடித்திருக்கிறது போல என்று ஷவ்கி நினைத்துக்கொண்டான்.

லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினான். அம்மா தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டாள். இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவின் குலவை அந்த வட்டாரத்திலேயே பேர்போனது. எந்தக் கல்யாணத்துக்கும் அவளைத் தனியாக ஆளனுப்பி அழைப்பார்கள். குலவையிடும்போது கண்ணை மூடிக்கொள்வாள், மூச்சு தீரும்வரை திறக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று பெண் வீட்டுக்கு மாடிக்கு வரும் முன்னாலேயே தெரிய வேண்டும் என்பது அவள் கட்சி. லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டும்போது ஆரம்பித்தாள்.

இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. யாரோ வெளியிலிருந்து அழுத்தியிருக்கிறார்கள். மரக்கதவைத் திறந்தவர் தலைப்பாகை கட்டிய ஓதுகாரர், ஓதி முடித்துவிட்டுக் கிளம்புகிறவர். அவருக்குப் பின்னால் நடைகூடம் முழுக்க நாற்காலி. நாற்காலி முழுக்கக் கறுப்பு உடுப்பு. ஒவ்வொரு கையிலும் சர்க்கரை போடாத காப்பி.

அம்மாவுக்குக் கண் மூடியிருந்தது. மூச்சு பாக்கியிருந்தது.

ஷவ்கி அம்மாவின் வாயைப் பொத்தப் பார்த்தான். கையில் பஸ்பூஸா இருந்தது. பொத்துவதற்காக நீட்டிய கையோடு தட்டும் போய், பாகு ஓதுகாரரின் அங்கியில் வழிந்தது. குலவை ஒரு கடைசிச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. அப்புறம் விழுந்த அமைதியில் ஒரு காப்பிக் கோப்பை கீழே வைக்கப்படுகிற சத்தம் தனியாகக் கேட்டது.

இரண்டாம் மாடி ஹாஜி அப்துல் மவ்லா புதன்கிழமை காலமாகிவிட்டார். அந்தக் கட்டடத்தில் முப்பது வருஷம் கேப்டனோடு சீட்டு விளையாடியவர். ஒரு வீட்டில் சாவு என்றால் மேல்மாடிக்காரன் டிவியைக்கூடச் சத்தமாக வைக்க மாட்டான், அதுதான் ஊர் மரியாதை. நாள் குறிப்பது இப்போது வேண்டாம், வந்தால் கறுப்பு உடுத்தி வா, இனிப்பு வேண்டாம், முக்கியமாக அம்மாவிடம் குலவை வேண்டாம் என்று சொல்லிவிடு. இத்தனையும் கேப்டன் போனில் பொறுமையாகச் சொல்லியிருந்தார். எல்லாம் சட்டைக்கு இஸ்திரி போட்ட நேரத்தில்.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் இருந்த கேப்டன் எழுந்து வந்து, அவனை மேலே தன் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். முகம் அவித்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. அடுப்பங்கரை வாசலில் நெர்மீன் நின்றாள். அவளைப் பார்க்கவே ஷவ்கிக்குத் தைரியம் வரவில்லை. பயத்தில் அவன் புத்தி ஏற்கெனவே தெரிந்த ஒரே பாதையில் ஓடியது.

"நீ எனக்குப் பிள்ளை மாதிரிதான் தம்பி" என்று கேப்டன் ஆரம்பித்தார்.

ஷவ்கியின் காது தானாக மூடிக்கொண்டது. இந்தத் தடவை அவன் மூடவில்லை, சத்தியம். அதுவாக மூடிக்கொண்டது. கேப்டன் கையை ஆட்டினார், கீழே காட்டினார், மேலே காட்டினார், நெர்மீனைக் காட்டினார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் அவரவர் கொடுப்பினை. நம்ம கையில என்ன இருக்கு."

ஷவ்கிக்குத் தலையில் இடி விழுந்தது. எகிப்தில் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்ல வேண்டுமானால் யாரும் அதை நேராகச் சொல்வதில்லை. கொடுப்பினை என்றுதான் சொல்வார்கள். பிள்ளை மாதிரி என்று தொடங்கி, கொடுப்பினை என்று முடிந்தால் தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: சம்பந்தம் முறிந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. அம்மா வழியெல்லாம் முக்காட்டுக்குள் முனகிக்கொண்டு வந்தாள். வீட்டில் உட்கார்ந்து யோசித்தான். ஜோடி கிடைக்காமல் தாளின் ஓரத்தில் கிடக்கிற மிச்சத் தலைப்பு மாதிரித் தான் ஆகிவிட்டோம் என்று தோன்றி அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ரோஷக்காரன். கெஞ்சக் கூடாது, மரியாதையாக விலக வேண்டும் என்று முடிவு பண்ணி, கேப்டனுக்குச் செய்தி அனுப்பினான். பெண் வீட்டார் முறித்தால் நகை திரும்பி வருவது வழக்கம்தானே, ஆள் வரவேண்டாம், வசதிப்படும்போது யாரிடமாவது வளையலைக் கொடுத்தனுப்புங்கள், நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதினான். ரொம்பக் கண்ணியமான செய்தி. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்கு இதைவிடக் கண்ணியமான வழி கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் கதவு இடிபட்டது. திறந்தால் நெர்மீன். ஆஸ்பத்திரி ஆய்வகத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் மாத்திரை டப்பா அளவில் ஒரு பெட்டி. அதை ஷவ்கியின் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"வளையல். எண்ணிப் பார்த்துக்க. அப்பா என்ன சொன்னார்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லு, நான் போயிடறேன்."

"பிள்ளை மாதிரின்னார்."

"அப்புறம்?"

"கொடுப்பினைன்னார்."

"நடுவுல?"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"நடுவுல என்ன சொன்னார் ஷவ்கி?"

வேறு வழியில்லாமல் சொன்னான். வாத்தியார், முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், பயிற்சி, செய்தித்தாள், மொச்சை, இஸ்திரி, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல நெர்மீன் முகத்தில் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் முழித்தது. இஸ்திரி வந்ததும் பக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அம்மாவுக்கு அப்போதுதான் மொச்சையின் கதை விளங்கியது, கரண்டியால் மகன் தோளில் ஒன்று வைத்தாள்.

நடுவில் கேப்டன் சொன்னது இதுதான். இப்போதே கீழே போ, ஹாஜியின் மகன் மம்தூஹ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைக் கசப்புக் காப்பி குடி, மன்னிப்புக் கேள், அவன் தங்கமான பையன், முடிந்துவிடும். அடுத்த வாரம் வா, நாள் குறிப்போம். ஏழு வருவதும் வராததும் கொடுப்பினை, நீ பயப்படாதே.

"எவ்வளவு நல்ல மனுஷன்" என்றாள் அம்மா.

"அந்த நல்ல மனுஷன்கிட்டதான் உங்க பையன் வளையலைத் திருப்பி அனுப்புன்னான். அத்தை காலையிலேயே மீனோட வந்து உட்கார்ந்திருக்காங்க. எழுந்திரு, போகலாம்."

துக்கத்தின் மூன்றாம் நாள், கடைசி நாள். இந்தத் தடவை ஷவ்கி கறுப்புச் சட்டையில் படியேறினான், லிஃப்டின் பக்கமே போகவில்லை. நடைகூடத்தில் கேப்டன் மம்தூஹுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷவ்கி ஒரு கோப்பைக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தான், அது வேப்பெண்ணெய்தான் என்றாலும் குடித்திருப்பான். மன்னிப்புக் கேட்டான். மம்தூஹ் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

விஷயத்தை நெர்மீன்தான் வாசலில் நின்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் துக்க வீட்டில் எல்லோருக்கும் காது கூர்மை. செய்தித்தாள் வரைக்கும் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக்கு வந்தபோது மூலையில் ஒருவர் சிரிப்பைத் தும்மலாக்கித் தும்மினார். மம்தூஹுக்குத் தோள் குலுங்கியது. மூன்று நாளில் முதல் தடவையாக இப்போதுதான் சிரிக்கிறேன் என்று கைக்குட்டைக்குள் சொன்னான். அப்பா இருந்திருந்தால் இதைச் சீட்டுக் கட்டோடு சேர்த்து ஒரு வருஷம் சொல்லிச் சிரித்திருப்பார், குலவையோடு போனவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான் என்றான்.

கேப்டன் சிரிக்கவில்லை. கோப்பைக்குள் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கப்பலை இடிக்காமல் கரையில் கட்டியவர், எதையும் அவசரப்பட்டு முடிவு பண்ண மாட்டார்.

"நடுக்கடல்ல ஓட்டுற மாதிரி துறைமுகத்துக்குள்ள ஓட்டினா இடிப்பான்" என்றார் கடைசியில். "அதுக்காகக் கப்பலோட்டத் தெரியாதவன்னு சொல்ல முடியுமா? வெள்ளைக்காரன் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வருவான், முடிக்கும்போதும் அதையே சொல்லி முடிப்பான். நாம முதல்ல மல்லிகைப் பூ வைப்போம், கடைசியில ஆசீர்வாதம் வைப்போம், சரக்கை நடுவுல வைப்போம். பையன் கத்துக்கிட்ட விதி சரிதான். ஓட்டின இடம்தான் தப்பு."

நடைகூடமே ஆமாம் ஆமாம் என்றது.

"நாளைக்குத்தானே தேர்வு? போய் எழுது. அந்த விதியை அதுக்குரிய இடத்துல ஓட்டு. ஏழு வந்தா, கோளாறு உன் தலையில இல்ல, இடத்துலதான்னு நான் ஒத்துக்கறேன். வரலைன்னா..."

அவர் முடிக்கவில்லை. மாடியிலிருந்து மீன் வறுக்கிற வாசனை இறங்கி வந்துகொண்டிருந்தது. ஷவ்கி இந்தத் தடவை முதல், நடு, கடைசி மூன்றையும் கேட்டான், ஒரு எழுத்து விடாமல்.

தேர்வு மண்டபத்தில் அவன் சிங்கம். வாசிப்புத் தாளைப் பிரித்ததும் அதே பழைய எதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. உப்பளத்தைப் பற்றி ஒரு நீளக் கட்டுரை, ஒரு மூட்டைத் தலைப்புகள். ஷவ்கி சிரித்தான். முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், தலைப்பு. முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், தலைப்பு. துண்டு துண்டாக விழுந்தது. தூண்டில் புழுவெல்லாம் நடுவில்தானே கிடக்கும், அவன்தான் அந்தப் பக்கமே போகவில்லையே. மற்றவர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்க அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் சவ்ஸன் ஒவ்வொரு பத்தியையும் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மறுபடி பரிதாபப்பட்டான்.

வெளியே வந்தால் கடற்கரைச் சாலையில் ஒரு பட்டாளமே நின்றது. அம்மா, நெர்மீன், கேப்டன். கேப்டன் கையில் புதுசாக ஒரு தட்டு பஸ்பூஸா. நெர்மீன் கையில் வளையல் மறுபடி ஏறியிருந்தது, வெயிலில் அதை வேண்டுமென்றே ஆட்டிக் காட்டினாள்.

"எப்படி?" என்றார் கேப்டன்.

"தலைப்பெல்லாம் நாலே நிமிஷத்துல முடிச்சேன் மாமா. வாழ்நாள்ல இப்படி ஒரு தாள் எழுதினதில்ல. ஏழு என்ன, எட்டே வரும்."

கேப்டன் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அத்தைக்குப் போன் போட்டு, இனி மீன் வேண்டாம், டாக்டர் இறால்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடு என்றார் நெர்மீனிடம். அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள், எங்கும் கறுப்பு உடுப்பு இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டாள், கண்ணை மூடினாள். குலவை கடலைத் தாண்டிப் போயிற்று. பஸ்காரர்கள் ஹாரன் அடித்துப் பதில் சொன்னார்கள்.

சவ்ஸன் அப்போதுதான் வெளியே வந்தாள். முகம் வெளிறி, கண் சிவந்து, பத்து மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவள் மாதிரி. கேப்டன் மகிழ்ச்சி தாங்காமல் அவளுக்கும் ஒரு துண்டு பஸ்பூஸா நீட்டினார். உங்கள் வாத்தியார் கைக்கு மோதிரம் போட வேண்டும் அம்மா, முதல் வாக்கியம் கடைசி வாக்கியம் என்ற ஒரே விதியில் எங்கள் வீட்டுக் கல்யாணத்தையே நடத்தி வைத்துவிட்டார் என்றார்.

சவ்ஸன் பஸ்பூஸாவை வாயில் போடப் போனவள் நிறுத்தி, கேப்டனைப் பார்த்தாள், ஷவ்கியைப் பார்த்தாள்.

"அந்த விதியை நம்பித் தலைப்புப் போட்டு, தோத்து, மறுபடி வந்து பணம் கட்டுறவன்தான் வருஷா வருஷம் எனக்குச் சோறு போடுறான்னு வாத்தியார் ஒரு மணி நேரமும் அதைத்தானே திட்டித் தீர்த்தார், நெத்தியில ஒட்டச் சொன்னதே அந்தப் பொறியில விழாம இருக்கத்தான்... ஐயோ, நீங்கதான் கார் தள்ளக் கீழ போயிட்டீங்களே, என்ஜினியரே."